ரத்தக் கோபுரத்தில் 13 ஆண்டுகள்

லண்டன் மாநகரில், தேம்ஸ் நதிக் கரையில், ஒரு பழைய கோட்டை இருக்கிறது. லண்டன் கோபுரம் என்பது அதன் பெயர். பெயரில்தான் ஒரு கோபுரம். உள்ளே போனால் சுமார் இருபது கோபுரங்கள்!

1070-களில் வில்லியம் மன்னர் கட்டத் தொடங்கிய கோட்டை அது. பின்னால் வந்த அரசர்கள் அதைப் பெரிதாக்கிக்கொண்டே போனார்கள். அரண்மனையாக இருந்தது. ஆயுதக் கிடங்காக இருந்தது. நாணயம் அடிக்கும் சாலையாக இருந்தது. சிங்கமும் கரடியும் வளர்த்த மிருகக் காட்சிசாலையாகவும் இருந்தது. ஆனால் உலகம் அதை நினைவில் வைத்திருப்பது சிறைச்சாலையாகத்தான்.

இப்போது அங்கே கைதிகள் இல்லை. டிக்கெட் வாங்கினால் யாரும் உள்ளே போகலாம். வழிகாட்டுவதற்கென்றே காவலர்கள் இருக்கிறார்கள். கருநீல உடை, வட்டத் தொப்பி. படையில் குறைந்தது 22 ஆண்டுகள் பணியாற்றியவர்களுக்குத்தான் இந்த வேலை கிடைக்கும். கோட்டைக்கு உள்ளேயே குடும்பத்தோடு குடியிருக்கிறார்கள். ஜனங்கள் அவர்களுக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் பீப்ஈட்டர். மாட்டிறைச்சி தின்பவர் என்று அர்த்தம்! ஏன் அந்தப் பெயர் என்று கேட்டால், ஆளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள்.

ஒரு காவலர் முன்னே நடப்பார். கூட்டம் பின்னே போகும். நின்று நின்று கதை சொல்வார். தலை வெட்டிய கதைகள் வரும்போது குழந்தைகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ளும். அடுத்த நிமிஷமே ஒரு வேடிக்கை சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்துவிடுவார்.

நதிப் பக்கம் ஒரு நீர்வாசல் இருக்கிறது. படகில் கொண்டுவரப்பட்ட கைதிகள் அந்த வாசல் வழியாக உள்ளே வந்தார்கள். துரோகிகளின் வாசல் என்று அதற்குப் பெயர். அதற்கு நேர் எதிரே நிற்பது ரத்தக் கோபுரம். 1483-ம் ஆண்டில், 12 வயது அரசனும் அவனுடைய 9 வயதுத் தம்பியும் இந்தக் கோட்டைக்குள் காணாமல் போனார்கள். இங்கேதான் அவர்களைக் கொன்றார்கள் என்று ஜனங்கள் நம்பினார்கள். அதனால் வந்த பெயர் அது.

ரத்தக் கோபுரத்துக்கு உள்ளே ஓர் அறை. மேஜை, நாற்காலி, புத்தகங்கள், எழுதுகோல். படிப்பாளி ஒருவர் இப்போதுதான் எழுந்து போனார் என்று சொல்லும்படி அலங்கரித்து வைத்திருக்கிறார்கள். சிறை அறை என்றால் நம்புவது கஷ்டம்.

இந்தக் கோபுரத்தில் 13 ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்தார் ஒருவர். அவர் போர்வீரர். கப்பல்களை அனுப்பிப் புது நாடு தேடியவர். கவிஞர். ஒரு மகாராணியின் பிரியத்துக்கு உரியவர். பெயர், சர் வால்டர் ராலே.

அவர்மீது சாட்டப்பட்டது கொலை அல்ல. திருட்டும் அல்ல. அவர்மீது இன்னொருவர் ஒரு குற்றச்சாட்டை எழுதிக் கொடுத்தார். எழுதிக் கொடுத்தவர் கோர்ட்டுக்கு வரவே இல்லை! அந்தக் காகிதம் ராலேயின் 13 ஆண்டுகளைத் தின்றது. கடைசியில் தலையையும் வாங்கியது.

ராணியின் தயவு

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் டெவன் என்று ஒரு ஜில்லா. கடலும் கப்பலும் நிறைந்த சீமை. அங்கே 1552-க்கும் 1554-க்கும் இடையில் ராலே பிறந்தார். மதிப்பான குடும்பம், ஆனால் பெரிய பணம் கிடையாது. ஆக்ஸ்போர்டில் கொஞ்ச காலம் படித்தார். பிரான்சில் சண்டை போட்டார். அயர்லாந்துப் போரில் படைத்தலைவராக இருந்தார். அங்கே அவர் செய்த காரியங்கள் கொடுமையானவை. 1580-ல் சரணடைந்த நூற்றுக்கணக்கான வீரர்களை வெட்டிப் போட்டபோது, அந்த வேலையை நடத்தியவர்களில் அவரும் ஒருவர். ராலேயின் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இதை விட்டுவிடுவார்கள்.

பிறகு லண்டன் வந்தார். உயரமான ஆள். அழகிய தாடி. பேச்சோ தேன்! எலிசபெத் மகாராணி அவரைப் பார்த்தார், பிடித்துப் போயிற்று.

மகாராணி நடந்து வந்த பாதையில் சேறு கிடந்ததாம். ராலே தம்முடைய விலை உயர்ந்த மேலங்கியைக் கழற்றிச் சேற்றின்மேல் விரித்தாராம். ராணி அதன்மேல் கால் வைத்து நடந்தாராம். இங்கிலாந்தில் இந்தக் கதை தெரியாத குழந்தை இல்லை. ஆனால் இது முதன்முதலில் அச்சில் வந்தது 1662-ம் ஆண்டில். ராலே இறந்து 44 ஆண்டுகள் ஆன பிறகு! நடந்திருக்கலாம் என்று நம்புவதற்கு ஆசையாகத்தான் இருக்கிறது.

மேலங்கி எப்படியோ போகட்டும். ராணியின் தயவு உண்மை. 1585-ல் சர் பட்டம் கிடைத்தது. நிலங்கள் கிடைத்தன. நாட்டில் ஒயின் விற்பவர்களுக்கு லைசென்ஸ் கொடுத்துக் கட்டணம் வாங்கும் உரிமை கிடைத்தது. ராணியின் மெய்க்காவல் படைக்குத் தலைவர் ஆனார். பணம் குவிந்தது, கூடவே பொறாமையும் குவிந்தது. ராலேக்குக் கர்வம் அதிகம். உடையிலே முத்துக்கள் மின்ன நடப்பார். பிறரை மதிக்க மாட்டார். ஊரில் அவரைப் பிடிக்காதவர்களே அதிகம்.

அமெரிக்காவில் இங்கிலாந்துக்காரர்களைக் குடியேற்ற முதலில் பெரும் பணம் செலவு செய்தவர்களில் ராலே முக்கியமானவர். அந்தச் சீமைக்கு வர்ஜீனியா என்று பெயர் வந்தது. கல்யாணம் செய்துகொள்ளாத ராணியைக் கன்னி அரசி என்பார்கள். அதை வைத்து வந்த பெயர் அது. 1587-ல் அங்கே போய்க் குடியேறிய ஆண்களும் பெண்களும் குழந்தைகளும், 1590-ல் கப்பல் போய்ப் பார்த்தபோது ஒருவர்கூட இல்லை! அவர்கள் கதி என்ன என்பது இன்றுவரை தெளிவாகவில்லை. இதிலே வேடிக்கை, வர்ஜீனியாவில் ராலே காலே வைத்ததில்லை. ராணி அவரைப் பக்கத்தை விட்டு அனுப்பவில்லை.

புகையிலையை இங்கிலாந்துக்கு முதலில் கொண்டுவந்தவர் அவர் என்பார்கள். அது சரியல்ல, அதற்கு முன்பே வந்துவிட்டது. சுங்கானில் புகை பிடிப்பதைப் பெரிய மனிதர்கள் நடுவே பரப்பியவர் அவர் என்று சொன்னால் சரியாக இருக்கும்.

காப்பாற்றிய மிளகுக் கப்பல்

ராணியின் அரண்மனையில் பெஸ் திராக்மார்ட்டன் என்று ஒரு பெண். ராணிக்குத் தோழியாக இருந்தவள். ராணியின் அனுமதி இல்லாமல் தோழிப் பெண்கள் கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது. 1591-ல் ராலேயும் பெஸ்ஸும் ரகசியமாகக் கல்யாணம் செய்துகொண்டார்கள். அடுத்த ஆண்டு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. எத்தனை நாள் மறைக்க முடியும்?

விஷயம் வெடித்தது. ராணிக்கு அடக்க முடியாத கோபம். கணவன், மனைவி இருவரையும் லண்டன் கோபுரத்தில் அடைத்தார். ராலே அந்தக் கோட்டைக்குக் கைதியாகப் போனது அதுதான் முதல் தடவை. அந்தக் குழந்தை பிழைக்கவில்லை.

அந்தச் சமயத்தில் ஒரு கப்பல் வந்து அவரைக் காப்பாற்றியது. இந்தியாவிலிருந்து சரக்கு ஏற்றிக்கொண்டு போர்ச்சுகலுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ராட்சசக் கப்பல் அது. மாத்ரே தே தெவுஸ் என்று பெயர். உள்ளே மிளகு, கிராம்பு, பட்டை, பட்டு, முத்து, ரத்தினம்! ராலே பணம் போட்டு அனுப்பிய கப்பல் கூட்டம் அதை நடுக்கடலில் மடக்கி, இங்கிலாந்தின் டார்ட்மவுத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்துவிட்டது.

கரைக்கு வந்ததும் கொள்ளை தொடங்கியது. மாலுமிகள் கைக்குக் கிடைத்ததை வாரிக்கொண்டு போனார்கள். அவர்களை அடக்க யாராலும் முடியவில்லை. மாலுமிகள் மதிக்கும் ஒரே ஆள் சிறையில் இருந்தார். வேறு வழி இல்லாமல், காவலோடு ராலேயை அனுப்பினார்கள். அவரைக் கண்டதும் மாலுமிகள் ஆரவாரம் செய்தார்களாம்! மிச்சம் இருந்த சரக்கு காப்பாற்றப்பட்டது. ராணிக்குப் பெரும் பங்கு போயிற்று. ராலேக்கு விடுதலை கிடைத்தது. இந்தியாவில் இத்தனை செல்வமா என்று லண்டன் வியாபாரிகள் வாயில் ஊறிய எச்சில் பிறகு வற்றவே இல்லை. எட்டு ஆண்டுகள் கழித்து, 1600-ம் ஆண்டின் கடைசி நாளில், கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அனுமதிப் பட்டயம் கிடைத்தது.

1595-ல் ராலே தென் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். ஓரினோகோ என்ற மகாநதியின் உள்ளே பொன்னகரம் ஒன்று இருப்பதாக ஸ்பெயின்காரர்கள் பேசிக்கொண்டார்கள். எல் டொராடோ என்பார்கள். ராலே தேடினார். நகரம் அகப்படவில்லை. தங்கம் கலந்த கற்கள் சில அகப்பட்டன. அந்த ஆசை மட்டும் அவர் மனத்தை விட்டுப் போகவில்லை. 1596-ல் ஸ்பெயினின் காடிஸ் துறைமுகத்தைத் தாக்கிய சண்டையில் காலில் பலத்த காயம். அதன் பிறகு சாகும்வரை நொண்டி நடந்தார்.

காகிதம் பேசியது

1603 மார்ச்சு மாதம் எலிசபெத் ராணி இறந்தார். ஸ்காட்லாந்திலிருந்து ஜேம்ஸ் மன்னர் வந்து பட்டம் ஏறினார். ராலேயின் விரோதிகள் முன்கூட்டியே அவர் காதில் விஷத்தை ஊற்றி வைத்திருந்தார்கள். மேலும், ஜேம்ஸ் ஸ்பெயினோடு சமாதானம் விரும்பினார். ராலேயோ ஸ்பெயினை வாழ்நாள் எல்லாம் எதிர்த்தவர்.

நான்கே மாதம். ராலே மறுபடியும் லண்டன் கோபுரத்தில் கைதி!

குற்றச்சாட்டு ராஜத்துரோகம். மன்னரை நீக்கிவிட்டு, அவருடைய உறவுப் பெண் அரபெல்லா ஸ்டூவர்ட்டை அரியணையில் ஏற்றச் சதி செய்தார் என்றார்கள். அதற்கு ஸ்பெயினிடமிருந்து பணம் வாங்கத் திட்டம் போட்டார் என்றார்கள். ஸ்பெயினின் பரம விரோதி, ஸ்பெயினுக்குக் கைக்கூலி! இதை யார் சொன்னது? கோபாம் பிரபு. ராலேயின் சிநேகிதர். சதியில் அகப்பட்டுக்கொண்ட கோபாம், ராலேதான் தன்னைத் தூண்டியதாக வாக்குமூலம் கொடுத்துவிட்டார்.

அந்தச் சமயம் லண்டனில் பிளேக் நோய். அதனால் வழக்கை வின்செஸ்டர் நகரத்துக்கு மாற்றினார்கள். ராலேயை வண்டியில் கொண்டு போனபோது, வழி எல்லாம் ஜனங்கள் கூடி வைதார்கள். சேற்றை வீசினார்கள். கல்லை வீசினார்கள். புகை பிடிக்கும் சுங்கான்களையும் வீசினார்கள்.

1603 நவம்பர் 17. விசாரணை தொடங்கியது. அரசாங்கத் தரப்பில் வாதாடியவர் எட்வர்டு கோக். பெரிய சட்ட மேதை. ஆனால் அன்று அவர் பேசியது சட்டம் அல்ல; வசை. ராலேக்கு வக்கீல் கிடையாது. ராஜத்துரோக வழக்கில் அந்தக் காலத்தில் கைதிக்கு வக்கீல் வைக்க அனுமதி இல்லை. நோய்வாய்ப்பட்ட நிலையில், தன்னந்தனியாக நின்று, தம் உயிருக்காகத் தாமே வாதாடினார்.

அவர் கேட்டது ஒன்றே ஒன்று. கோபாமைக் கொண்டு வாருங்கள். என் முகத்துக்கு எதிரே அவர் இதைச் சொல்லட்டும். சொல்லிவிட்டால் தண்டனையை ஏற்றுக்கொள்கிறேன் என்றார். கோபாம் தொலைவில் இல்லை. அதே ஊரில்தான் காவலில் இருந்தார். இருந்தும் நீதிபதிகள் சம்மதிக்கவில்லை. கோபாமுக்குப் பதிலாக அவருடைய காகிதம் பேசியது!

இன்னொரு சாட்சி வந்தான். கப்பல் ஓட்டும் ஆள். லிஸ்பன் நகரத்தில் யாரோ ஒருவன், ராலேயும் கோபாமும் மன்னரின் கழுத்தை அறுக்கப் போகிறார்கள் என்று பேசியதைத் தான் காதால் கேட்டதாகச் சொன்னான். யாரோ சொன்னான், இவன் கேட்டான். அதுவும் சாட்சியம்!

இதற்கு முன்னால் சிறையிலேயே ஒரு காரியம் நடந்திருந்தது. ராலே ஒரு கடிதம் எழுதி, அதை ஓர் ஆப்பிள் பழத்தில் கட்டி, கோபாம் இருந்த அறையின் ஜன்னல் வழியாக வீசச் செய்தார். மனச்சாட்சிப்படி உண்மையை எழுது என்று கேட்டிருந்தார். கோபாம் பதில் எழுதினார். ராலே குற்றமற்றவர் என்று எழுதிக் கொடுத்தார்.

கோர்ட்டில் கோக் வெற்றிப் பெருமிதத்தோடு ஒரு கடிதத்தை வாசித்தார். விசாரணைக்குச் சற்று முன்பு கோபாம் எழுதியது. ராலேமீது பழைய குற்றச்சாட்டையே அதில் மறுபடியும் சாட்டியிருந்தார். சபை திகைத்தது. அப்போது ராலே தம் சட்டைக்குள் கையை விட்டார். இன்னொரு கடிதத்தை எடுத்தார். அதுவும் கோபாம் எழுதியதுதான்! ஒரே ஆள், ஒரே கை. ஒரு கடிதம் கொல்கிறது, ஒரு கடிதம் காப்பாற்றுகிறது. எதை நம்புவது? எழுதியவரை அழைத்துக் கேட்டால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். அழைக்கவில்லை.

ஜூரிகள் எழுந்து போனார்கள். 15 நிமிஷத்தில் திரும்பி வந்தார்கள். குற்றவாளி என்றார்கள். மரண தண்டனை!

ஆனால் அன்று காலையில் ராலேயை வெறுத்துக்கொண்டு வந்த கூட்டம், மாலையில் அவருக்காகப் பரிதாபப்பட்டுக்கொண்டு போயிற்று. அவரைத் தூக்கில் போடுவதைப் பார்க்க நூறு மைல் நடந்திருப்பேன் என்ற நினைப்போடு வந்தவர்கள்கூட, அவர் உயிரைக் காக்க ஆயிரம் மைல் நடக்கலாம் என்ற மனத்தோடு திரும்பியதாக அப்போது பேசிக்கொண்டார்கள்.

சில நாள் கழித்துக் கோபாமையும் வேறு இருவரையும் கொலைமேடைக்குக் கொண்டுவந்தார்கள். ராலே தம் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொருவரையும் மேடை ஏற்றினார்கள், இறக்கினார்கள், மறுபடி ஏற்றினார்கள். கடைசி நிமிஷத்தில் மன்னர் உயிர்ப்பிச்சை கொடுத்ததாக அறிவித்தார்கள். எல்லாம் ஜேம்ஸ் மன்னர் தாமே எழுதிய நாடகம்! ராலேயின் தண்டனையும் நிறுத்தி வைக்கப்பட்டது. கவனிக்க வேண்டும்: நிறுத்தி வைத்தார்களே தவிர, ரத்து செய்யவில்லை.

இந்த வழக்கு சட்டம் படிப்பவர்களுக்கு இன்றும் பாடம். குற்றம் சாட்டுபவன் நேரில் வந்து நிற்க வேண்டும், அவனைக் குறுக்கு விசாரணை செய்யக் குற்றவாளிக் கூண்டில் நிற்பவருக்கு உரிமை உண்டு என்ற கொள்கை வலுப்பெற்றபோது, ராலேக்கு நடந்த அநியாயத்தையே உதாரணம் காட்டினார்கள். 1791-ல் அமெரிக்க அரசியல் சட்டத்தில் அந்த உரிமை எழுதப்பட்டது. 2004-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு கொடுத்த ஒரு தீர்ப்பிலும் ராலேயின் வழக்கு விவரிக்கப்பட்டிருக்கிறது. 400 ஆண்டுகளுக்குப் பிறகு!

சிறைக்குள் ஒரு குடும்பம்

தலை தப்பிய ராலே ரத்தக் கோபுரத்துக்கு வந்து சேர்ந்தார். இருட்டறை, சங்கிலி, கூழ் என்று நினைக்க வேண்டாம். பெரிய இடத்துக் கைதிகளுக்கு அங்கே தனி மரியாதை. வேலைக்காரர்களை வைத்துக்கொள்ளலாம். புத்தகங்கள் வரவழைக்கலாம். மனைவி பெஸ்ஸும் மூத்த பிள்ளை வாட்டும் பல நாட்கள் அங்கேயே வந்து தங்கினார்கள். குடும்பம் இருக்க இடம் போதவில்லை என்று கோபுரத்தின்மேல் இன்னொரு தளம் எழுப்பினார்கள். 1605-ல் கேரூ என்று இன்னொரு பிள்ளை பிறந்தான். கோட்டைக்குள் இருக்கும் கோயிலிலேயே அவனுக்கு ஞானஸ்நானம் நடந்தது. சிறைக் கோட்டையையே முதல் வீடாகக் கண்ட குழந்தை!

ஆனாலும் சிறை சிறைதான். நதியின் ஈரக் காற்று ராலேயின் உடம்பைக் கெடுத்தது. இடது பக்கம் மரத்துப் போயிற்று. 1605-ல் பார்லிமெண்டை வெடி வைத்துத் தகர்க்க முயன்ற சதிகாரர்களை அதே கோட்டைக்குக் கொண்டுவந்து சித்திரவதை செய்தார்கள். அந்தச் சமயத்தில் ராலேமீதும் சந்தேகம் விழுந்தது. காவல் பலமாகியது.

அவர் சும்மா இருக்கவில்லை. தோட்டத்தில் ஒரு கோழிக் கொட்டகை இருந்தது. அதைக் கேட்டு வாங்கி ஆராய்ச்சிச் சாலை ஆக்கினார். மூலிகைகளைக் காய்ச்சி வடித்தார். கப்பல்காரர்களுக்கு உதவும் என்று, உப்புத் தண்ணீரை நல்ல தண்ணீர் ஆக்கும் வழியைத் தேடினார். அவர் தயாரித்த ஒரு கஷாயம் ஊரெல்லாம் பெயர் எடுத்தது. ஜேம்ஸ் மன்னரின் மனைவி ஆன் ராணியே அதை வாங்கிச் சாப்பிட்டுக் குணம் கண்டாராம். மன்னர் அடைத்து வைத்தவரிடம் மகாராணி மருந்து வாங்கினார்!

மாலை வேளைகளில் கோட்டை மதில்மேல் உலாவுவார். அவரைப் பார்ப்பதற்கு வெளியே படகுத்துறையில் கூட்டம் கூடும். முன்பு சேற்றை வீசிய அதே ஊர்தான். அந்த மதில் பாதையை ராலேயின் நடைபாதை என்று இன்றும் காட்டுகிறார்கள்.

அவருக்கு அங்கே ஒரு மாணவன் கிடைத்தான். யார் தெரியுமா? பட்டத்து இளவரசர் ஹென்றி! ஜேம்ஸ் மன்னரின் மூத்த மகன். கப்பல் கட்டுவது பற்றியும் கடற்படை பற்றியும் ராலேயின் யோசனையைக் கேட்டார். இத்தனை அறிவுள்ளவரைத் தம் தந்தை அடைத்து வைத்திருப்பது இளவரசருக்குப் பிடிக்கவே இல்லை. அந்தப் பிள்ளைக்காக ராலே ஒரு புத்தகம் எழுத ஆரம்பித்தார். உலக சரித்திரம்! உலகம் தோன்றியதிலிருந்து தொடங்கினார்.

இதற்கிடையே இன்னோர் இடி. ராலேக்கு ஷெர்போர்ன் என்ற ஊரில் அழகான எஸ்டேட் இருந்தது. குடும்பத்துக்கு மிஞ்சியிருந்த சொத்து அதுதான். கைதாவதற்கு முன்பே மகன் பேருக்கு எழுதி வைத்திருந்தார். பத்திரத்தைப் பரிசீலித்தபோது, நகல் எடுத்த குமாஸ்தா ஒரு வரியில் சில வார்த்தைகளை விட்டுவிட்டது தெரிந்தது. பத்திரம் செல்லாது என்றார்கள்! பெஸ் குழந்தைகளோடு போய் மன்னர் காலில் விழுந்தாள். பலிக்கவில்லை. 1609-ல் அந்த எஸ்டேட்டைத் தம் அன்புக்குரிய ராபர்ட் கார் என்ற இளைஞனுக்கு மன்னர் கொடுத்துவிட்டார். ராலே குடும்பத்துக்கு நஷ்டஈடாக ஒரு தொகை ஒதுக்கினார்கள். எழுத்துப் பிழையால் ஒரு குடும்பம் வீட்டை இழந்தது.

1612 நவம்பரில் இளவரசர் ஹென்றிக்கு விஷக்காய்ச்சல். வயது 18. வைத்தியர்கள் கைவிட்டார்கள். கடைசியில், தாயார் ஆன் ராணி ரத்தக் கோபுரத்துக்கு ஆள் அனுப்பினார். ராலே தம் கஷாயத்தைக் கொடுத்தனுப்பினார். அதைக் குடித்ததும் இளவரசர் சற்றுத் தெளிந்தாராம். கண் விழித்தாராம். அவ்வளவுதான். உயிர் போய்விட்டது. ராலே விடுதலை ஆவார் என்ற நம்பிக்கையும் கூடவே போயிற்று.

யாருக்காகப் புத்தகம் எழுதினாரோ, அவர் இல்லை. இருந்தும், எழுதிய வரையில் 1614-ல் அச்சாகி வெளிவந்தது. உலகம் தோன்றியது முதல், ரோமாபுரியார் மாசிடோனியாவை வென்றது வரை. சுமார் பத்து லட்சம் வார்த்தைகள்! அதற்கு மேல் அவர் எழுதவில்லை. மன்னர்கள் செய்த அக்கிரமங்களையும், அதற்கு அவர்கள் சந்ததி பட்ட பாட்டையும் அதில் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். ஜேம்ஸ் மன்னர் கோபம் கொண்டு புத்தகத்தைப் பறிமுதல் செய்ய உத்தரவிட்டார். தடுக்க முடியவில்லை. பதிப்புக்குமேல் பதிப்பு வந்தது.

தங்கம் தேடி

மன்னருக்குப் பணத்தட்டுப்பாடு. ராலேக்கு விடுதலை ஆசை. தென் அமெரிக்காவில் தங்கச் சுரங்கம் இருக்கும் இடம் எனக்குத் தெரியும், போய் எடுத்து வருகிறேன் என்று ராலே சொல்லி அனுப்பினார். 1616 மார்ச்சில் கதவு திறந்தது. 13 ஆண்டுகளுக்குப் பிறகு, அறுபது வயதைத் தாண்டிய கிழவராக, கோலை ஊன்றிக்கொண்டு லண்டன் தெருவில் நடந்தார். மன்னிப்பு மட்டும் கொடுக்கவில்லை. பழைய மரண தண்டனை தலைக்குமேல் தொங்கிக்கொண்டே இருந்தது. ஸ்பெயின்காரர்களோடு சண்டை போடக் கூடாது என்று நிபந்தனை வேறு.

இருந்த பணத்தை எல்லாம் போட்டார். பெஸ் தன் நிலத்தை விற்றுக் கொடுத்தாள். 1617-ல் கப்பல்கள் புறப்பட்டன. தலைமைக் கப்பலுக்கு அவர் வைத்த பெயர் விதி! ஆனால் அவர் போகும் வழி, கப்பல் கணக்கு எல்லாம் மன்னர் மூலமாகவே ஸ்பெயின் தூதருக்குப் போய்விட்டது.

நடுக்கடலில் காய்ச்சல். ஆட்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். ராலே எழுந்திருக்க முடியாமல் படுத்துவிட்டார். நீண்ட காலத் தோழர் கீமிஸ் தலைமையில் ஆற்றுக்குள் ஆட்களை அனுப்பினார். மகன் வாட்டும் போனான். 1618 ஜனவரியில், சான் தோமே என்ற ஸ்பெயின்காரர்களின் ஊரில் சண்டை மூண்டது. முன்னே பாய்ந்த வாட் குண்டு பட்டு இறந்தான். சுரங்கம் அகப்படவில்லை. வெறுங்கையோடு திரும்பிய கீமிஸைப் பார்த்து, என்னை நாசமாக்கிவிட்டாயே என்று ராலே சீறினார். கீமிஸ் தன் அறைக்குப் போய்த் தற்கொலை செய்துகொண்டான்.

வேறு நாட்டுக்கு ஓடியிருக்கலாம். ராலே இங்கிலாந்துக்கே திரும்பினார். வந்த பிறகு, தாமதமாக, பிரான்சுக்குத் தப்ப முயன்றார். கூட இருந்த சொந்தக்காரன் ஸ்டக்லியே காட்டிக் கொடுத்தான். மறுபடியும் லண்டன் கோபுரம். மூன்றாவது தடவை.

ஸ்பெயின் தூதர் அவர் தலையைக் கேட்டார். புது வழக்குப் போட்டால், ஜனங்கள் முன் அவர் மறுபடியும் பேசுவாரே என்று மன்னர் பயந்தார். அதனால் சுலபமான வழியைப் பிடித்தார்கள். 1603-ம் ஆண்டுத் தண்டனையையே நிறைவேற்று என்றார்கள்! அன்று ஸ்பெயினின் கையாள் என்று தண்டனை. இன்று ஸ்பெயினுக்கு விரோதி என்பதற்காக அதே தண்டனை நிறைவேற்றம். மன்னர் எனக்குக் கப்பல் படைக்குத் தலைமை கொடுத்தபோதே பழைய குற்றம் தீர்ந்துவிட்டதே என்று ராலே வாதாடினார். நீதிபதிகள் கேட்கவில்லை.

கடைசி இரவு வெஸ்ட்மினிஸ்டரில் உள்ள சிறையில். பெஸ் வந்தாள். நள்ளிரவு வரை பேசிக்கொண்டிருந்தார்கள். உங்கள் உடலை எனக்குக் கொடுக்க அனுமதித்துவிட்டார்கள் என்று அழுதுகொண்டே சொன்னாள். விடை பெற்றுப் போனாள்.

1618 அக்டோபர் 29. லண்டன் மேயர் பதவி ஏற்கும் ஊர்வல நாள். ஜனங்கள் அந்த வேடிக்கை பார்க்கப் போய்விடுவார்கள் என்று நினைத்தே அந்த நாளைக் குறித்தார்கள். ஆனால் அரண்மனை முற்றத்தில் கூட்டம் நெரிந்தது. ராலே காலையில் பலகாரம் சாப்பிட்டார். சுங்கான் பிடித்தார். மேடை ஏறினார். அவருக்குக் குளிர்காய்ச்சல் இருந்தது. நடுக்கம் வந்தால் பயத்தால் நடுங்குகிறான் என்று ஜனங்கள் நினைப்பார்களே என்பதுதான் அவருடைய கவலை! அரை மணிக்குமேல் பேசினார். தாம் துரோகி அல்ல என்றார். கோடாரியைக் கேட்டு வாங்கி, விரலால் கூர் பார்த்தார். தலையை வைத்தார். கொலையாளி தயங்கினான். வெட்டு என்று அவரே சொல்ல வேண்டியதாயிற்று. இரண்டு வெட்டு.

காட்டிக் கொடுத்த ஸ்டக்லிக்கு, யேசுவைக் காட்டிக் கொடுத்த யூதாஸின் பெயரையே ஊர் வைத்தது. எங்கும் முகம் காட்ட முடியாமல் ஒரு தீவுக்குப் போய், இரண்டு ஆண்டுகளில் செத்தான்.

ராலேயின் உடலைப் பக்கத்திலேயே புனித மார்கரெட் கோயிலில் அடக்கம் செய்தார்கள். தலையைச் சிவப்புத் தோல் பையில் போட்டு பெஸ்ஸிடம் கொடுத்தார்கள். அவள் அதைப் புதைக்கவில்லை. மருந்திட்டுப் பதப்படுத்தித் தன்னோடு வைத்துக்கொண்டாள் என்று சொல்லப்படுகிறது. பிறகு அவள் 29 ஆண்டுகள் உயிரோடு இருந்தாள். கணவரின் சிநேகிதர்கள் வந்தால், வேண்டுமானால் பார்க்கிறீர்களா என்று கேட்டு, அந்தப் பையைக் கொண்டுவந்து வைப்பாளாம்.